பள்ளத்தெருவில் ஓட்டு கேட்டவர்

மோட்டார்காரர் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறார் என்ற செய்தியை, அவரிடம் ஒரு தடவையாவது மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்த யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? ஒரு வீட்டுக்குள் நுழைந்து, மோட்டாரைக் கழற்றி, கம்பி சுற்றிக் காயில் கட்டி, திரும்ப மாட்டி, ஓடவிட்டுப் பார்த்து, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்வரை அந்த மனிதர் நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் பாதி மோட்டாரிடம் பேசியதாக இருக்கும். "என்ன ஆச்சு உனக்கு? ஏன் இப்படி முனகுற?" என்று இரும்பிடம் வாஞ்சையாகக் கேட்பார். வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். இப்பேர்ப்பட்டவர் வீடு வீடாகப் போய் ஓட்டு கேட்கப்போகிறார் என்றால் சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஆனால் அவர் விளையாட்டுக்கு நிற்கவில்லை. நகரம் வளர்ந்து வளர்ந்து மூச்சு வாங்கி நின்ற இடத்தில் இருந்தது அந்தக் குடியிருப்பு. சரிவான நிலம். மேட்டில் பள்ளிக்கூடமும் கடைகளும். சரிவின் நடுவில் மோட்டார்காரர் குடியிருந்த தெரு. அதற்கும் கீழே, கடைசியாக, பள்ளத்தெரு. அதன் கோடியில் ஒரு கால்வாய், கால்வாய்க் கரையில் நகராட்சியின் பம்ப் அறை. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் அத்தனையும் பள்ளத்தெருவுக்குத்தான் வந்து சேரும். வருகிற தண்ணீரை இறைத்துக் கால்வாயில் தள்ளுவதற்காகத்தான் அந்த பம்ப்.

சில வருடங்களுக்கு முன் பெய்த பெருமழையில் பம்ப் ஓடவில்லை. பொழுது விடிவதற்குள் பள்ளத்தெரு ஜன்னல் உயரத்துக்கு முழுகிப்போனது. தப்பியவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சிதறிப் போனார்கள். தப்பாதவர்களைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வீடுகள் பூட்டியபடி கிடந்தன. யார் பூட்டினார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் நின்ற உயரத்துக்கு எல்லாச் சுவர்களிலும் ஒரே மண்கோடு. அந்தத் தண்ணீர் மோட்டார்காரர் வீட்டு வாசற்படியை நனைத்துவிட்டுத் திரும்பியது. அடுத்த மழையிலும் திரும்பிப் போகும் என்பதற்கு யார் பொறுப்பு?

அப்போது கவுன்சிலராக இருந்தவர் ஒரு கட்டடக் கான்ட்ராக்டர். பம்பைச் சரிசெய்யச் சொல்லி மோட்டார்காரர் அவர் வாசலில் போய் நிற்பார். நிற்பாரே தவிர வாய் திறக்கமாட்டார். கான்ட்ராக்டரே அவர் வந்த காரியத்தைச் சொல்லி, அவரே "பாக்கலாம் பாக்கலாம்" என்று பதிலும் சொல்லி அனுப்பிவிடுவார். ஆளில்லாத தெருவுக்கு பம்ப் ஓட்டி அவருக்கு என்ன லாபம்?

கடைசியில் மருந்துக்கடையில் வேலைபார்த்த மனைவிக்குத்தான் பொறுமை போனது. "அடுத்த பெரிய மழைக்கு முன்னாடி அந்த பம்ப் ஓடணும். அவர் ஓட்ட மாட்டார். நீங்களே நில்லுங்க," என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பு வராததை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அவர்கள் கல்யாணம் நிச்சயமானதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

தேர்தல் வேலையை மனைவியின் அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு வீட்டு புரோக்கர். இல்லாத ஜன்னலைக்கூட இருப்பதாகச் சொல்லி வாடகைக்கு விட்டுவிடும் வாய் அவருக்கு. முதல் நாள் மோட்டார்காரரை மேட்டுத் தெருவுக்கு அழைத்துப் போனார். முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மாளைப் பார்த்ததும் மோட்டார்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே அவர்கள் வீட்டு மோட்டார் கரகரத்தது. அவர் முகம் தெளிந்தது. விறுவிறுவென்று உள்ளே போய், பேரிங்கை மாற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, இப்படியே போனா தெருவெல்லாம் தண்ணி வரும், நமக்கு ஓட்டு வராது," என்றார் மச்சான்.

கண்ணாடி முன் நின்று பேசிப் பழகச் சொன்னார். நின்று பார்த்தார். கண்ணாடியில் இருந்த ஆள் அவரைவிடக் கூச்சக்காரராக இருந்தார். மனைவியிடம் பேசிப் பழகச் சொன்னார். அவள் சிரித்துத் தொலைத்தாள். மோட்டார்காரருக்கு அவமானமாக இருந்தது. தன்னால் எல்லோரும் முழுகப்போகிறார்கள் என்ற பயம் அவர் மனதை அரித்தது.

வேலை முடிந்து பள்ளத்தெரு வழியாகப் போய் அந்த பம்ப் அறைப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவது அவருக்கு வழக்கம். அன்று மாலையும் போனார். தெருவின் தலைமாட்டில் இஸ்திரிக்காரர் வீடு. துணி தேய்க்கும் மேஜை இன்னும் வாசலில் இருந்தது, கால்கள் மண்ணில் புதைந்து. மோட்டார்காரர் முன்னும் பின்னும் பார்த்தார். ஈ, காக்கை இல்லை. ஆளில்லாத வீட்டிடம் என்ன கூச்சம்? பூட்டிய கதவைத் தட்டி, "வணக்கம்ங்க. கவுன்சிலருக்கு நிக்கிறேன்," என்றார்.

வார்த்தை வந்தது. குரல் நடுங்கவில்லை. மோட்டாரிடம் பேசுவது மாதிரி எளிதாக இருந்தது. ஆச்சரியத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது ஒரு டீச்சர் வீடு. தூசி படிந்த ஜன்னல் வழியாக உள்ளே ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்குவது தெரிந்தது. அங்கேயும் தட்டினார். அதற்கடுத்த வீட்டிலும் தட்டினார். கோடிக்குப் போவதற்குள் நாக்கு நன்றாகவே சுழல ஆரம்பித்திருந்தது. பம்ப் அறைக்குப் பக்கத்தில் இருந்த கடைசி வீட்டு வாசலில், மேடைப் பேச்சாளர் மாதிரி ஒரு கையை வேறு நீட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சதும் காணாம போற ஆள் இல்லைங்க நான். ஜெயிச்சா, நானே இந்தத் தெருவுக்குக் குடி வந்துடறேன். தண்ணி வந்தா முதல்ல என் வாசல்ல வரட்டும். அப்புறம்தான் உங்க வாசல்."

எங்கிருந்து வந்தது அந்த வாக்குறுதி என்று அவருக்கே தெரியாது. அவ்வளவு நன்றாக இருந்ததால் தெரு முழுக்கத் திரும்பி நடந்து ஒவ்வொரு கதவிலும் சொன்னார். டீச்சர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுவது மாதிரி சத்தம் கேட்டது. வந்தவர் பேசுவதை உட்கார்ந்து கேட்கலாம் என்று ஒருவர் இழுத்துப் போடுவாரே, அப்படி. எலியாக இருக்கும் என்று நினைத்தார். பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

தினமும் போனார். பள்ளத்தெருவில் பேசிப் பழகிய வேகத்தோடு மேலே போய் நிஜ வீடுகளின் கதவைத் தட்டினார். மச்சான் வாயைப் பிளந்தார். ஆனால் குடிவருகிற வாக்குறுதியை அவர் வழியில் சொல்லிக் காட்டியதும் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். ரோடு போடறேன்னு சொல்லுங்க, விளக்கு போடறேன்னு சொல்லுங்க, அதெல்லாம் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். வீடு மாத்தறேன்னு சொன்னா நாளைக்கே கழுத்துல துண்டு போட்டு இழுப்பார்கள் என்றார். அதனால் மேட்டில் எந்த வீட்டிலும் அவர் அதைச் சொல்லவில்லை. பூட்டிய கதவுகளிடம் மட்டும் சொன்னார். அங்கே யார் கழுத்தைப் பிடிக்கப்போகிறார்கள்?

ஒரு நாள் கவனித்தார். அந்தத் தெருவின் வாசற்படிகளில் பல வருடமாகப் படிந்திருந்த மண், ஒவ்வொரு படியிலும் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது, யாரோ வெளியே வந்து நின்று அவர் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனது மாதிரி. அன்றைக்கு வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மறுநாளும் போனார். போகாவிட்டால் மேட்டில் பேச்சு வராதே.

ஓட்டுப்பதிவு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பள்ளத்தெருவும் சேர்ந்த சரிவுத் தெருக்களுக்கு ஒரு வகுப்பறை. மோட்டார்காரருக்காக மச்சான் அங்கே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் கூட்டம் ஓய்ந்து, கான்ட்ராக்டரின் ஏஜெண்டும் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அப்போது ஒரு வரிசை வந்தது. பெண்கள், ஆண்கள், எல்லோருமாக, ஒருவர் பின் ஒருவராக. யாரும் பேசவில்லை. வெளியே கொளுத்துகிற வெயில். ஆனால் அவர்கள் நின்ற இடமெல்லாம் தரை நனைந்திருந்தது. ஒரு அம்மாள் கையில் மடக்கிய கறுப்புக் குடை, நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி பெயரைக் கேட்டார், பட்டியலில் தேடினார், இருந்தது, விரலில் மை வைத்தார். மையும் கலைந்து ஓடியது என்று பிறகு அந்த அதிகாரி யாரிடமோ சொன்னாராம்.

அன்று மாலை மச்சான் வந்து மோட்டார்காரர் வீட்டில் உட்கார்ந்தவர், தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தெரு ஜனங்கள் சொந்தக்காரர் வீடுகளிலிருந்து வேன் பிடித்து வந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

"முதல்ல நின்னது இஸ்திரிக்காரர், மாப்பிள்ளை," என்றார். "அந்தப் பெருமழையில அவரைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுனது நான்தானே. அப்பவே உயிர் இல்ல."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார் அந்தப் பேச்சுக்காரர்.

எண்ணிக்கையில் எல்லாப் பெட்டியிலும் கான்ட்ராக்டர்தான் முன்னே போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் போட மாலையோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். கடைசியாகச் சரிவுத் தெருக்களின் பெட்டியைக் கொட்டினார்கள். ஒரு கற்றைச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நனைந்து வந்தன. எண்ணுகிறவர் அவற்றைப் பிரித்து மேஜையில் பரப்பி, விசிறிக் காயவைத்து எண்ணவேண்டியிருந்தது. ஒன்று விடாமல் அத்தனையும் மோட்டார்காரருக்கு. அந்தக் கற்றைதான் அவரை ஜெயிக்க வைத்தது.

கான்ட்ராக்டர் குதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்து, சத்தம் போடாமல் எழுந்து போய்விட்டார். எப்படிக் குதிப்பார்? வெள்ளத்தில் செத்துப்போனவர்களின் பெயர்களை ஓட்டர் பட்டியலிலிருந்து எடுக்கவிடாமல் வைத்திருந்ததே அவர்தான். என்றைக்காவது தனக்கு உதவும் என்று வைத்திருந்தார். அவை உதவத்தான் செய்தன, வேறு ஆளுக்கு.

மச்சான் போட்ட மாலையை மனைவி ஆணியில் மாட்டினாள். மோட்டார்காரர் நேரே பள்ளத்தெருவுக்குப் போய் டீச்சர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். குடை அதே ஆணியில் தொங்கியது. அடியில் தரையில் ஒரு சின்னக் குட்டை.

நல்ல செய்தி ஒன்று சொல்லவேண்டும்: பம்ப் ஓடியது. கவுன்சிலர் ஆனதும் அவர் கேட்டு வாங்கிய முதல் பொருள் பம்ப் அறைச் சாவிதான். உள்ளே இறங்கி, சேற்றை அள்ளி, தன் கையாலேயே காயில் கட்டி, சுவிட்சைப் போட்டார். அது இத்தனை வருடமும் இதற்காகவே காத்திருந்த மாதிரி சீராகச் சுழன்று, கால்வாயில் தண்ணீரைக் கொட்டியது. அவர் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். தெரு முக்கைத் தாண்டிய நொடியில் சத்தம் நின்றது.

திரும்பி வந்தார். கரண்ட் இருந்தது, சுவிட்ச் போட்டபடி இருந்தது, ஒரு கோளாறும் இல்லை. அவர் அறைக்குள் கால் வைத்ததும் தானாகவே ஓட ஆரம்பித்தது. மறுபடி கிளம்பினார். முக்கில் மறுபடி நின்றது. நகராட்சியிலிருந்து ஒரு ஆபரேட்டரை வரவழைத்து பம்ப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். மோட்டார்காரர் தெருவில் இருக்கும்வரை ஓடியது. அவர் தெருவைவிட்டுப் போனதும், ஆபரேட்டர் கண் முன்னாலேயே, மெல்ல மூச்சை விட்டு நின்றது. அந்த ஆபரேட்டர் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

எதையெல்லாம் கழற்ற முடியுமோ அதையெல்லாம் கழற்றி மாட்டினார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, எல்லா மோட்டாரையும் கேட்பது மாதிரி இதையும் கேட்டார். "என்ன ஆச்சு உனக்கு? என்னதான் வேணும்?"

கேட்டு முடிப்பதற்குள் பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே வந்து பக்கத்து வீட்டைப் பார்த்தார். எந்த வாசலில் நின்று கையை நீட்டிப் பேசினாரோ, அதே கடைசி வீடு. பூட்டு திறந்து கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினார். தரை கழுவித் துடைக்கப்பட்டு இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. மூலையில் ஒரு புது விளக்குமாறு. சுவரில் மண்கோட்டைக்கூட யாரோ தேய்த்து எடுக்கப் பார்த்திருந்தார்கள். புதிதாகக் குடிவருகிறவருக்காக வீட்டை எப்படித் தயார் செய்வார்களோ அப்படியே இருந்தது.

அவர் ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தார். ஆனால் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவள் மருந்துக்கடைப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்று கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அவளும் சேர்ந்து இருக்கும் வீட்டை மாற்றுவதாக, அவளைக் கேட்காமல் ஒரு தெருவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாரே.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"கேட்டுட்டாங்களே," என்றாள் அவள்.

தான் மட்டும் போய் அங்கே இருந்துகொள்கிறேன் என்றார். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தூறல் வலுத்தது. மேட்டுத் தண்ணீர் தெரு ஓரத்தில் கலங்கலாக ஓட ஆரம்பித்திருந்தது. கீழே போகிற தண்ணீர் எங்கே போய் நிற்கும், பிறகு எந்த வழியாக ஏறி வரும் என்று இருவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுதது. அவள் அந்த அழுகை ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"பெரிய குண்டானை நீங்க தூக்குங்க. எனக்கு இடுப்பு வலிக்குது," என்றாள்.

மச்சான் எங்கிருந்தோ ஒரு சின்ன வேன் கொண்டுவந்தார். தெரு முக்குவரை ஓட்டினார். அதற்கு மேல் வரமாட்டேன் என்று இறங்கி, மழையில் நனைந்தபடி நின்றுவிட்டார். தங்கையைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் கால் நகரவில்லை. மோட்டார்காரரும் அவர் மனைவியும் சாமான்களைக் கையில் சுமந்து பள்ளத்தெரு நெடுகிலும் நடந்தார்கள். அவர் முக்கைத் தாண்டியபோதே கோடியில் பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது. பூட்டிய வீடுகளைப் பார்க்காமல் அவர் குனிந்தபடி நடந்தார். அவள் நன்றாக ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மழை கொட்டித் தீர்த்தது. மேட்டுத் தண்ணீர் இறங்கி வந்தது. ஆனால் தெருவில் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. பக்கத்து அறையில் பம்ப் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பழைய தெருவில் ஒரு வாசற்படியும் நனையவில்லை என்று மச்சான் போன் செய்தார். நினைத்ததைச் சாதித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கத்தான் தைரியம் வரவில்லை.

சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவசரம் இல்லாத தட்டல். ஓட்டு கேட்கப் போகிறவர் தட்டுவது மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு. அவர் போய்த் திறந்தார்.

யாரும் இல்லை. சன்ஷேடுக்குக் கீழே மழை படாத சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. பெரிய பாதங்கள், சின்னப் பாதங்கள், ஒன்றின் பின் ஒன்றாக வரிசையாக. ஒரு ஓரத்தில் குடை ஊன்றி நின்ற மாதிரி ஒரு வட்ட ஈரம். எல்லாப் பாதங்களும் வீட்டைப் பார்த்திருந்தன.

"யாருங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு எப்படியோ வார்த்தை வந்தது. "தெருக்காரங்க."

அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அவள் குரல் கேட்டது, லேசாக நடுங்கினாலும் எப்போதும் போல.

"மழையில ஏன் நிக்க வெச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

மோட்டார்காரர் கதவைவிட்டு விலகி வழி விட்டார். ஈரக் காற்று ஒன்று அவர் சட்டையைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார்.